போர்வைக்கு உரியவர் யார்?

உடலை மறைக்க ஓர் ஆடை போதும். அதன்மேல் இன்னோர் ஆடையைப் போர்த்துவது பனிக்கும் காற்றுக்கும் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சியே. கம்பளி, மேலங்கி, சால்வை, துப்பட்டி, கோட் என்று நாட்டுக்கு நாடு வடிவம் மாறினாலும் வேலை ஒன்றுதான். நூற்பும் நெசவும் கையால் நடந்த காலத்தில், ஏழை வீட்டில் இருந்த துணிகளுள் பெரும்பாலும் இதுவே அதிக விலை பெறக்கூடியது. பகலில் தோளில் கிடந்த அதுவே இரவில் படுக்கையும் போர்வையும் ஆயிற்று. அவசரத்துக்கு அடகு வைக்க வேறு பொருள் இல்லாதவர் இதைத்தான் வைத்தார். திருடனின் கையும் முதலில் இதன்மேல்தான் விழுந்தது. உள்ளாடை போனால் மானம் போகும், மேலாடை போனால் உயிருக்கே கேடு வரலாம். ஆகையால்தான் சமய நூல்கள் இந்த ஒரு துணியைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கின்றன. குளிரைத் தடுக்கும் துணி, விலை கொடுத்து வாங்கியவரின் உடைமையா, குளிரில் நிற்பவரின் உரிமையா? ஒருவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம்? எல்லாவற்றையும் துறந்தவர் இதையும் துறக்க வேண்டுமா?

முதல் கேள்விக்கு எபிரேயச் சட்டம் தந்த விடை மிகப் பழையது, மிகத் தெளிவானதும்கூட. யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம் கடனுக்கு ஈடாக அயலானின் மேலாடையை வாங்குவதைத் தடை செய்யவில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்கிறது. சட்டம் அதற்குச் சொல்லும் காரணம், அவனுக்கு அது ஒன்றுதான் போர்வை, அதில்லாமல் அவன் எதைப் போர்த்துக்கொண்டு உறங்குவான் என்பதே. கட்டளையிட்டுவிட்டு நகரும் சட்ட நூல் இங்கே நின்று, படுத்திருப்பவனின் உடலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது. மீறியவனுக்கு இன்ன தண்டனை என்றும் சொல்லவில்லை. கடன்பட்டவன் முறையிட்டால் கடவுள் கேட்பார், ஏனெனில் அவர் இரக்கமுள்ளவர் என்பதோடு முடிக்கிறது. உபாகமம் 24ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி போகிறது. கடன் கொடுத்தவன் ஈட்டுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே அதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். விதவையின் ஆடையை ஈடாக வாங்கவே கூடாது. கொடுத்தவனுக்கு வாங்கியவன்மேல் உரிமை உண்டு, ஆனால் அந்த உரிமை வாசற்படியோடும் அந்திப்பொழுதோடும் நின்றுவிடுகிறது.

இந்தச் சட்டம் நடைமுறையில் மீறப்பட்டது என்பதற்கும் சான்று உண்டு. பொது ஆண்டுக்கு முன் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்க்கதரிசி ஆமோஸ், ஈடாக வாங்கிய ஆடைகளை விரித்துப் பலிபீடங்களின் அருகே சாய்ந்து கிடப்பவர்களைச் சாடுகிறார். ஏழை குளிரில் கிடக்க, அவனுடைய துணிமேல் படுத்துக்கொண்டு வழிபடுவதைவிடக் கடுமையான முரண் ஒன்றைக் காட்டுவது அரிது. இன்னொரு சான்று 1960இல் மண்ணிலிருந்து கிடைத்தது. இன்றைய இஸ்ரேலின் கடற்கரையில் யாவ்னே-யாம் அருகே, மெசாத் ஹசவ்யாகு என்ற பழைய கோட்டையில், எழுத்துள்ள பானை ஓடு ஒன்றை அகழாய்வாளர்கள் எடுத்தார்கள். பொ.ஆ.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்த ஓட்டில் ஒரு கூலி அறுவடையாளனின் மனு மையால் எழுதப்பட்டிருக்கிறது. தனக்குரிய அறுவடையை அளந்து முடித்துவிட்டதாகவும், அதன் பிறகும் ஒருவன் தன் ஆடையைப் பறித்துக்கொண்டதாகவும், உடன் அறுத்தவர்கள் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்றும் அவன் கோட்டைத் தலைவரிடம் முறையிடுகிறான். ஆடையைத் திருப்பித் தரும்படி கெஞ்சுகிறான். தலைவரின் கடமை அது இல்லை என்றாலும் இரக்கத்தினாலாவது செய்யும்படி அவன் வேண்டுவதாகவே பலர் வாசிக்கிறார்கள். மனுவில் எந்தச் சட்டமும் மேற்கோள் காட்டப்படவில்லை. எழுதத் தெரியாத கூலியாள் யாரையோ கொண்டு எழுதுவித்த மனுவாக இருக்கலாம். ஆனால் யாத்திராகமத்தின் சட்டம் யாருக்காக இயற்றப்பட்டதோ அந்த மனிதனின் குரல் அந்த ஓட்டில் கேட்கிறது.

சட்டத்தை அப்படியே நடத்தினால் ஒரு சிக்கல் எழும். ஒவ்வொரு மாலையும் திருப்பித் தர வேண்டிய பொருள் எப்படி ஈடாகும்? பொ.ஆ. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இதை விரித்து, தலையணையை இரவிலும் கலப்பையைப் பகலிலும் திருப்பித் தர வேண்டும் என்று வகுத்தது. பொருள் எந்த வேளையில் தேவையோ அந்த வேளையில் அது கடன்பட்டவனுடையது. பிறகு எதற்காக மறுபடி வாங்குவது என்று மிஷ்னாவை விளக்கிய தல்மூத் அறிஞர்களே கேட்டுக்கொண்டார்கள். ஈடு கையில் இருந்தால் ஏழாம் ஆண்டின் கடன் தள்ளுபடி இந்தக் கடனைத் தொடாது. கடன்பட்டவன் இறந்தாலும் அந்தப் பொருள் வாரிசுகளின் சொத்தில் கலந்துவிடாது என்று விடையும் தந்தார்கள். அதாவது கடன் கொடுத்தவனின் பங்கு வெறும் சட்டக் கணக்காகச் சுருங்குகிறது, துணியின் வெப்பமோ முழுவதும் ஏழையிடம் இருக்கிறது. உடைமையையும் பயனையும் இவ்வளவு நுட்பமாகப் பிரித்த பழைய சட்டங்கள் அதிகம் இல்லை. பிற்கால மெய்யியல் உடைமையைப் பற்றி எழுதிய பல பக்கங்களைவிட இந்தப் பிரிப்பு ஆழமானது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் நற்செய்தி நூல்களில் உள்ள ஒரு வேறுபாடு புரியும். மத்தேயுவில், ஒருவன் வழக்காடி உள்ளங்கியை எடுத்துக்கொள்ள வந்தால் மேலங்கியையும் விட்டுவிடும்படி இயேசு சொல்கிறார். லூக்காவில் வரிசை மாறுகிறது. மேலங்கியை எடுப்பவனுக்கு உள்ளங்கியையும் மறுக்காதே என்கிறார். லூக்கா காட்டுவது வழிப்பறியை. திருடன் கை முதலில் மேலே உள்ள துணியில்தான் படும். மத்தேயு காட்டுவது நீதிமன்றத்தை. அங்கே உள்ளங்கியை வழக்காடிப் பறிக்கலாம், ஆனால் மேலங்கியைச் சட்டம் காக்கிறது. அந்தக் காவலைத் தானாகவே கைவிடச் சொல்வதுதான் மத்தேயுவின் வாக்கியத்தில் உள்ள கடுமை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உரிமையை விட்டுக்கொடுக்கும்படி சொல்லப்படுபவர் குளிரில் நிற்பவர். அவரிடமிருந்து பறிப்பதற்கு வேறொருவருக்கு இது அனுமதி ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஏழைக்குப் பொறுமையைப் போதிக்க இந்த வசனத்தைப் பயன்படுத்திய போதகர்கள் பழைய சட்டத்தின் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத் தவறினார்கள்.

இரண்டாவது கேள்வி எண்ணிக்கை பற்றியது. 4ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டின் செசரியாவில், இன்றைய துருக்கியின் கய்சேரியில், பின்னர் ஆயரான பசில் இதற்கு அஞ்சாமல் விடை சொன்னார். அப்பகுதியைக் கடும் பஞ்சம் தாக்கிய காலம் அது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையை எடுத்துக்கொண்டு அவர் ஆற்றிய மறையுரையில், உடுத்தியிருப்பவரிடமிருந்து துணியைப் பறிப்பவனுக்கு என்ன பெயரோ, ஆடையற்றவருக்கு உடுத்த முடிந்தும் உடுத்தாமல் விடுபவனுக்கும் அதே பெயர்தான் என்றார். பெட்டியில் பூட்டிய மேலாடை ஆடையற்றவருடையது, மக்கிக்கொண்டிருக்கும் காலணி வெறுங்காலோடு நடப்பவருடையது என்று அடுக்கினார். பசில் சொல்வதை மிகை என்று ஒதுக்குபவர்கள் அவருடைய எடுத்துக்காட்டின் நுட்பத்தைப் பார்ப்பதில்லை. தோளில் கிடக்கும் ஆடையை அவர் கேட்கவில்லை, பெட்டிக்குள் கிடப்பதை மட்டுமே கேட்டார். யாருடைய உடலையும் சூடாக்காத துணிக்கு ஏற்கெனவே உரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் வெளியே நிற்கிறார் என்பதே அவருடைய வாதம். ஆகவே அதைக் கொடுப்பது அவர் கணக்கில் தானம் ஆகாது, கடனைத் தீர்ப்பது.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கருத்தைத் தம் ‘இறையியல் தொகுப்’பில் எடுத்துக்கொண்டார், அதே கருத்தைச் சொல்லும் வரிகளை அவர் ஆயர் அம்புரோசின் பெயரில் காட்டுகிறார். பொருளை ஈட்டிப் பேணுவதில் தனியுடைமை நியாயம், பயன்படுத்துவதில் அது எல்லோருக்கும் பொது என்பது அவர் நிலை. ஆகவே உயிருக்கு ஆபத்து கண்முன் தெரியும்படி இருந்து, வேறு வழியே இல்லாதபோது, பிறர் பொருளை எடுப்பது திருட்டு ஆகாது என்று அவர் முடிவு செய்தார். இப்படிச் சொன்னால் எல்லோருமே தேவை என்று சொல்லி எடுக்கத் தொடங்கிவிடுவார்களே என்ற எதிர்வாதம் எளிதில் எழும். ஆபத்து வெளிப்படையாக இருக்க வேண்டும், உடனடியாக இருக்க வேண்டும், வேறு உதவி இருக்கக் கூடாது என்று அவர் போட்ட வரம்புகள் இந்த எதிர்வாதத்துக்கான விடை. உறைபனியில் ஆடையின்றி நிற்பது இந்த மூன்றையும் நிறைவு செய்யும் என்பதை மறுப்பது கடினம்.

பெட்டியில் இன்னொன்று இல்லாதவர் என்ன செய்வார்? தூர்ஸ் நகர மார்ட்டினின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அவர் இறந்த 397ஆம் ஆண்டை ஒட்டியே சுல்பிசியுஸ் செவெருஸ் அவருடைய வரலாற்றை எழுதினார். மார்ட்டின் அப்போது ரோமானியப் படைவீரர், திருமுழுக்குப் பெறாதவர். கடுங்குளிர் காலத்தில், இன்றைய பிரான்சின் அமியான் நகர வாயிலில், ஆடையற்ற ஒருவரைப் பார்த்தார். மற்றதை எல்லாம் முன்பே கொடுத்துவிட்டதால் அவரிடம் எஞ்சியிருந்தது படை மேலாடை ஒன்றுதான். வாளால் அதை இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். பாதியைப் போர்த்திய கிறிஸ்துவை அன்றிரவு கனவில் கண்டார் என்று கதை தொடர்கிறது. ஓவியர்கள் கனவையும் குதிரையையும் விரும்பினார்கள். நூலில் உள்ள வேறொரு செய்தியோ அறத்துக்கு இன்னும் முக்கியமானது. அரை ஆடையோடு நின்ற வீரரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்களாம். வேறு சிலர் உள்ளுக்குள் புலம்பினார்களாம், தங்களிடம் மிகுதியாக இருந்தும், தாங்கள் ஆடையிழக்காமலே அந்த ஏழையைப் போர்த்தியிருக்க முடிந்தும், அப்படிச் செய்யவில்லையே என்று. ஒருவர் தம்முடைய ஒரே துணியை வெட்ட நேர்ந்தது அந்த வாயிலைக் கடந்துபோன மற்றவர்களின் தவறு என்பதை சுல்பிசியுஸ் உணர்ந்திருந்தார்.

பாதியாக வெட்டுவது சரிதானா என்பதும் கேட்கத் தக்கது. பாலைவனத்தில் இருவருக்கு ஒரு குடுவைத் தண்ணீர் என்ற சிக்கலைத் தல்மூத் ஆராய்கிறது. பகிர்ந்தால் இருவரும் இறப்பர். ஒருவர் குடித்தால் அவராவது ஊர் போய்ச் சேர்வார். இருவரும் குடிக்கட்டும் என்றார் பென் பெத்தூரா. உன் உயிரே உனக்கு முதல் என்றார் ரப்பி அகிவா. போர்வை அவ்வளவு இரக்கமற்ற பொருள் இல்லை. அகலமான படைத்துணியின் பாதி, முழுத் துணியின் வெப்பத்தைத் தராவிட்டாலும் இரண்டு உயிர்களைத் தாங்கக்கூடும். மார்ட்டின் தம்மையும் கணக்கில் வைத்தார். அதனால்தான் அவருடைய செயல் வீரச்செயல் என்பதோடு நியாயமான செயலாகவும் நிற்கிறது.

சங்க இலக்கியத்தில் போர்வைக் கொடை என்றதும் நினைவுக்கு வருபவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குத் துணி கொடுத்த வள்ளல் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக அவன் நின்றுவிட்டான். புறநானூற்றில் அவனைப் பாடும் பரணரோ இந்தச் செயலுக்கு இரு வேறு விளக்கங்கள் தருகிறார். 141ஆம் பாட்டில், மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தே பேகன் கொடுத்தான். அவன் கொடை மறுமைப் பயனை எண்ணியதன்று, பிறர் வறுமையை நோக்கியது. 145ஆம் பாட்டிலோ மயில் குளிரில் நடுங்கும் என்று இரங்கிக் கொடுத்தான். முதல் பாட்டில் கொடுப்பவனின் இயல்பு பேசப்படுகிறது, இரண்டாவதில் பெறுபவரின் தேவை. பசிலுக்கும் மார்ட்டினுக்கும் நடுவே நாம் தேடுவதும் இந்த இரண்டையும்தான். பேகனுக்குப் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தான். 145ஆம் பாட்டிலேயே பரணர், பசித்து வரவில்லை, காக்க வேண்டிய சுற்றமும் எமக்கு இல்லை, இன்று இரவே தேரேறிப் போய் அவள் துயரைக் களைவதே யாம் வேண்டும் பரிசில் என்கிறார். மயிலின் நடுக்கத்தைக் கண்டவனிடம், வீட்டில் வருந்துபவளைக் காணச் சொல்கிறார். கபிலரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அதே வேண்டுகோளைப் பாடினார்கள். இரக்கம் ஓர் இடத்தில் மிகுந்து இன்னோர் இடத்தில் வற்றியிருக்கலாம் என்பதை நான்கு புலவர்கள் ஓர் அரசனின் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

மூன்றாவது கேள்வி துறவிகளுடையது. கிரேக்கத் துறவி தியோகெனஸ் தம் மேலாடையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டார் என்று பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இரவில் அதிலேயே உறங்க வேண்டியிருந்தது காரணம். இதே இரவுக் கணக்கை மிக முறையாகச் செய்தவர் புத்தர். வினய பிடகத்தின் மகாவக்கத்தில் அந்த நிகழ்ச்சி உள்ளது. இராசகிருகத்திலிருந்து வைசாலி போகும் வழியில், பிக்குகள் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சீவரம் என்னும் துறவாடை மூட்டைகளோடு நடப்பதைப் பார்த்தார். வைசாலியின் கோதமகச் சேத்தியத்தில், பனி விழும் கடுங்குளிர் இரவுகளில், ஒரே சீவரத்தோடு திறந்த வெளியில் அமர்ந்தார். முதல் யாமம் முடியக் குளிரெடுத்தது, இரண்டாவதைப் போர்த்தினார். நடு யாமம் முடிய மூன்றாவது. கடை யாமம் முடிந்து விடியும் வேளையில் நான்காவது. பிறகு மூன்று சீவரங்களுக்கு அனுமதி தந்தார். ஒற்றை மடிப்பில் உள்ளாடையும் மேலாடையும், இரட்டை மடிப்பில் சங்காடி என்னும் புறப்போர்வையும். எண்ணிப் பார்த்தால் உடலின்மேல் நான்கு அடுக்குகள், அந்த இரவின் கணக்கு அப்படியே.

இந்த விதியின் அறிவு அதன் காரணத்தில் இருக்கிறது. குளிரைத் தாங்கும் வலிமையுள்ளவரை அளவாக வைக்காமல், குளிருக்கு அஞ்சும் மெல்லுடல் கொண்ட குலமகனும் தாங்கக்கூடிய அளவு இது என்று புத்தர் சொல்கிறார். வலிமையற்றவரை வைத்து வகுத்ததால் விதி யாரையும் வருத்துவதில்லை. ஓர் இரவைத் தாண்டுவதற்கு மேல் எதையும் தராததால் மூட்டையும் சேர்வதில்லை. மிகுதியாகக் கிடைத்த சீவரத்தைப் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று சீவரங்களை விட்டு ஓர் இரவும் பிரிந்திருக்கக் கூடாது. முதல் விதி சேர்ப்பதைத் தடுக்கிறது. இரண்டாவது, துறவின் மிடுக்கில் உடலைப் புறக்கணிப்பதைத் தடுக்கிறது. வெப்ப நாடுகளில் சங்காடி பெரும்பாலும் மடித்த துணியாகத் தோளில் கிடக்கிறது. தாய்லாந்துச் சடங்குகளில் அதைக் காணலாம்.

மேலாடை துறவின் அடையாளமாக மாறும்போது வேறு ஆபத்து வருகிறது. 11ஆம் நூற்றாண்டில் லாகூரில் வாழ்ந்த சூஃபி அறிஞர் ஹுஜ்வீரி, ஒட்டுப்போட்ட அங்கியைப் பற்றித் தம் ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ நூலில் ஓர் இயலே எழுதினார். புகழுக்காக அதை அணிபவர்களைக் கண்டித்தார். குளிருக்கு ஒட்டுப்போட்ட துணி பார்வைக்கு ஒட்டுப்போட்டதாகிவிட்டால் அதில் வறுமை இல்லை என்பது அவர் கவலை.

மேலாடையே கூடாது என்ற நிலையைச் சமணத்தின் திகம்பரப் பிரிவு எடுத்தது. பழைய ஆசாராங்க சூத்திரம் பௌத்த விதிக்கு மிக நெருங்கி நிற்கிறது. மூன்று துணி வைத்திருக்கும் துறவி நான்காவதை நாடக் கூடாது. குளிர்காலம் போய் வேனில் வந்தால் நைந்தவற்றைக் களைந்துவிட வேண்டும். இரண்டோடும், ஒன்றோடும், எதுவும் இன்றியும் வாழலாம். மகாவீரர் துறவு பூண்டபோது பெற்ற தெய்வ ஆடையை ஓராண்டும் ஒரு மாதமும் வைத்திருந்து பின் விட்டார் என்பது வெள்ளாடை உடுத்தும் சுவேதாம்பரர் மரபு. துறந்த கணமே ஆடையும் போயிற்று என்பது திகம்பரர் மரபு. சண்டை உண்மையில் வரலாற்றைப் பற்றியதன்று, உடைமை என்றால் என்ன என்பதைப் பற்றியது. இரு பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரம் பற்றே உடைமை என்று வரையறுக்கிறது. அப்படியானால் பற்றில்லாமல் போர்த்திய துணி உடைமை ஆகாது என்கிறார்கள் சுவேதாம்பரர். உயிர்களுக்கு ஊறு வராமல் விலக்க வைத்திருக்கும் பீலி உடைமை ஆகாதபோது, உடலைக் காத்து அறம் செய்ய உதவும் துணி மட்டும் எப்படி ஆகும் என்று கேட்கிறார்கள். துணி இருந்தால் அதை இரக்க வேண்டும், துவைக்க வேண்டும், தைக்க வேண்டும், தொலைந்தால் வருந்த வேண்டும்; பற்றில்லாமல் துணி இருக்கவே முடியாது என்பது திகம்பரர் விடை. தமிழ்ச் சமணர்கள் இந்த மரபையே சேர்ந்தவர்கள்.

திகம்பரர் வாதத்தில் உண்மை உண்டு. துணி தன்னோடு வேலையையும் கவலையையும் கொண்டுவருகிறது என்பதை மகாவக்கத்தின் மூட்டைகளே காட்டுகின்றன. ஆனால் அந்த வாதத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. ஆடையின்மையே முழுத் துறவு என்றால், ஆடை துறக்க அனுமதி இல்லாத பெண்ணுக்கு இந்தப் பிறவியில் வீடுபேறு இல்லை என்றாகிறது. திகம்பரப் பெண் துறவிகளான ஆர்யிகைகள் ஒற்றை வெள்ளைச் சேலையோடு கடுந்தவம் செய்கிறார்கள். அவர்களுடைய மாவிரதங்கள் உபசாரமாக மட்டுமே அப்படி அழைக்கப்படுகின்றன. கருநாடகப் பகுதியில் செழித்திருந்த யாபனியர் என்ற மூன்றாம் பிரிவு இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. அவர்களுடைய துறவிகள் ஆடையின்றி வாழ்ந்தார்கள். ஆயினும் பெண்களுக்கு வீடுபேறு உண்டு என்றார்கள். இராட்டிரகூட மன்னன் அமோகவர்சன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், அப்பிரிவைச் சேர்ந்த சாகடாயனர் ‘ஸ்த்ரீநிர்வாணப் பிரகரணம்’ என்ற நூலையே இதற்காக இயற்றினார். தியானத்தில் இருக்கும் துறவியின்மேல் யாரோ ஒரு துணியைப் போட்டுவிட்டால் அவர் துறவு கெடுவதில்லை என்பதைத் திகம்பரரும் ஏற்பர். அப்படியானால் உடலில் துணி இருப்பது தடையன்று, அதன்மேல் மனம் இருப்பதே தடை. விதியின்படி ஆடை உடுத்தும் பெண் அதைத் தனக்காக விரும்பி உடுத்தவில்லை என்று வாதம் நீள்கிறது. துறவியின்மேல் போடப்பட்ட துணி அவர் ஏற்றதன்று, பெண்ணோ நாள்தோறும் அதைக் கையால் எடுத்து உடுத்துகிறாள் என்று திகம்பர அறிஞர்கள் மறுத்தார்கள். யாபனியர் பிரிவு பிற்காலத்தில் மறைந்துவிட்டது. அவர்களுடைய நூலைப் பாதுகாத்து, தங்கள் வாதங்களுக்கு அடிப்படையாகக் கொண்டவர்கள் சுவேதாம்பரர்.